காது சார்ட்தானே என்று விடாதீர்கள்

மெடிக்கல் கோடிங்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ட்ரெயினிங் முடிந்து லைவ் சார்ட் (உண்மையான நோயாளியின் விசிட் ரெக்கார்டு) கொடுக்கும்போது, காது வலி, காது அழுக்கு, காதில் சீழ் மாதிரியான சார்ட்டுகளைத்தான் பெரும்பாலும் முதலில் தள்ளிவிடுவார்கள். அரைப்பக்க நோட், ஒரு டயக்னோசிஸ், ஒரு விசிட் கோட், மிஞ்சிப்போனால் ஒரு ப்ரொசீஜர். இதய ஆபரேஷன் சார்ட் எங்கே, இது எங்கே என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம். பல வருடமாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கோடர்கள் கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் இடமே இந்த "ஈஸி" சார்ட்டுகள்தான். நோட்டைப் படிக்காமல் என்கோடரில் (கோடு தேடும் சாஃப்ட்வேர்) இரண்டு வார்த்தை தட்டி, கீழே விழும் பட்டியலில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துவிடும் பழக்கம்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்தால், அந்த விசிட்டுக்கான பில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும்போது என்ன நோய் என்பது ஐசிடி-10-சிஎம் கோடாகவும், டாக்டர் என்ன செய்தார் என்பது சிபிடி கோடாகவும் போக வேண்டும். டாக்டர் எழுதிய நோட்டைப் படித்து அந்தக் கோடுகளைப் போடுகிற வேலையைத்தான் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் உட்கார்ந்து எத்தனையோ நர்சிங், பார்மசி, பிசியோ, மைக்ரோபயாலஜி பட்டதாரிகள் செய்கிறார்கள். நம்ம ஊரில் காது வலி என்று ஈஎன்டி டாக்டரிடம் போனால் பெரும்பாலும் கையில் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுவோம், டயக்னோசிஸ் கோடு எதுவும் நம் கண்ணில் படாது. அதனால் ஒரு கோடு மாறினால் அங்கே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பது புதியவர்களுக்கு மனதில் உறைப்பதே இல்லை. க்ளைம் நின்றுபோய் பில் அவர் வீட்டுக்கு வரும், அது மட்டுமல்ல, அவருக்கு இல்லாத நோய் ஒன்று அவருடைய ரெக்கார்டில் ஏறிவிடும்.

வெளிக்காது நோய்கள் எச்60, எச்61, எச்62 என்று மூன்றே கேட்டகரிதான். காது, மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு) பற்றிய சாப்டர் எச்60-இல் தொடங்கி எச்95 வரை போகிறது, அதன் முதல் மூன்று இவை. ஆனால் இந்த மூன்றுக்குள் இருக்கிற பொறிகள் கொஞ்சநஞ்சம் இல்லை.

மாதிரிக்கு ஒரு நோட் சொல்கிறேன், கோடை மாதங்களில் அர்ஜென்ட் கேர் சார்ட்டுகளில் இந்த ரகம்தான் வரிசையாக வரும். முப்பது சொச்சம் வயது, வலது காதில் மூன்று நாளாக வலி, போன வாரம் ஏரியில் நீந்தினார். எக்ஸாமில், காது மடலைப் பிடித்து இழுத்தால் வலி, குழாய் வீங்கிச் சிவந்து அழுக்கோடு இருக்கிறது, செவிப்பறை நன்றாக இருக்கிறது. அசெஸ்மென்ட்டில் ஒரே வரி: அக்யூட் ஓட்டைடிஸ் எக்ஸ்டர்னா, வலது. அதாவது வலது வெளிக்காதுக் குழாயில் திடீர் அழற்சி. ப்ளானில் சிப்ரோஃப்ளாக்சசின் கலந்த சொட்டு மருந்து.

என்ன கோடு? பத்துப் பேரிடம் கேட்டால் பாதிப் பேர் எச்60.331 என்பார்கள், ஸ்விம்மர்ஸ் இயர், வலது. நீந்தினார் என்று எழுதியிருக்கிறதே, அப்புறம் என்ன என்பது அவர்கள் வாதம். மீதிப் பேர் எச்60.391 என்பார்கள், அதாவது மற்ற இன்ஃபெக்டிவ் ஓட்டைடிஸ் எக்ஸ்டர்னா. ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார், அப்படியென்றால் கிருமித்தொற்றுதானே என்பார்கள். ஐசிடி புத்தகத்தின் அகரவரிசை இன்டெக்ஸைத் திறந்து பாருங்கள். ஓட்டைடிஸ், அதன் கீழே எக்ஸ்டர்னா, அதன் கீழே அக்யூட். அது கொண்டுபோய் விடும் இடம் எச்60.50, அதாவது தொற்று அல்லாத திடீர் அழற்சி. டாக்டர் எழுதிய சொற்களை மட்டும் வைத்து நேர்வழியில் போனால் இந்த நோட்டுக்கு வரும் கோடு எச்60.501. ஆன்டிபயாடிக் சொட்டு எழுதிய அதே நோட்டுக்கு "தொற்று இல்லை" என்று சொல்லும் கோடு!

இதைப் பார்த்தவுடன் யாருக்கும் கை நடுங்கும். மருத்துவ ரீதியாகப் பார்த்தால் இது கிருமித்தொற்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், சூடோமோனாஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் இரண்டும்தான் இந்த இடத்தில் பெரும்பாலும் பிடிபடுபவை. ஆனால் கோடருக்கு மருந்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் உரிமை கிடையாது. நீந்தியது ஹிஸ்டரி, அது டயக்னோசிஸ் ஆகாது. டாக்டர் "ஸ்விம்மர்ஸ் இயர்" என்று எழுதினால் எச்60.33, "டிஃப்யூஸ்" (பரவலான) என்று எழுதினால் எச்60.31, "இன்ஃபெக்டிவ்" அல்லது "பாக்டீரியல்" என்று எழுதினால் எச்60.39. ஒன்றும் எழுதவில்லை என்றால் இரண்டே வழி, இன்டெக்ஸ் சொல்வதைப் போடு, இல்லை டாக்டரைக் கேள். நான் கேள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் நோட்டில் சொல்லப்பட்ட சிகிச்சையும் கோடும் முரண்படும்போது கேட்பதற்குத்தான் க்வெரி (டாக்டருக்கு எழுத்தில் அனுப்பும் கேள்வி) என்ற ஒன்றே இருக்கிறது.

முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் டீமுக்குள் ஒரு "டிப்ஸ் ஷீட்" சுற்றிக்கொண்டிருந்தது. அக்யூட் ஓட்டைடிஸ் எக்ஸ்டர்னா என்றால் எப்போதும் எச்60.39 போடவும் என்று அதில் ஒரு வரி. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது, கிளையண்ட் கொடுத்ததா என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய், கடைசியில் அதுவே விதி மாதிரி ஆகிவிட்டது. புதிதாக வந்த ஒரு பெண், இன்டெக்ஸ் வேறு சொல்கிறதே அண்ணா என்று கேட்டபோது, இங்கே இப்படித்தான்மா என்று பதில் சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பெண் கேட்டதுதான் சரி. கிளையண்ட் தன் டாக்டர்களோடு பேசி, எழுத்தில் ஒரு கைட்லைன் கொடுத்திருந்தால் அது வேறு கதை, அப்போதுகூட அது அதிகாரப்பூர்வ விதிகளுக்கு முரணாக இருக்கக்கூடாது. பெயரில்லாத ஷீட்டை நம்பிக் கோடு போடுவதை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அடுத்தது எந்தக் காது என்ற விஷயம். 2015 செப்டம்பர் 30 வரை அமெரிக்காவில் ஐசிடி-9 இருந்தது. அதில் ஸ்விம்மர்ஸ் இயருக்கு 380.12, அடைத்த குறும்பிக்கு (காது அழுக்கு) 380.4, வலதா இடதா என்ற பேச்சே கிடையாது. அக்டோபர் 1 முதல் ஐசிடி-10-சிஎம் வந்ததும் கிட்டத்தட்ட எல்லாக் காதுக் கோடுக்கும் வலது, இடது, இரண்டும், குறிப்பிடவில்லை என்று நான்கு நான்காகப் பிரிந்துவிட்டது. இதில் ஒரு நுணுக்கம், ஐந்து எழுத்தோடு முடியும் கோடுகளில் "குறிப்பிடவில்லை" என்பதற்கு 0 வரும், ஆறு எழுத்து வரை போகும் கோடுகளில் 9 வரும். அடைத்த குறும்பி, எந்தக் காது என்று தெரியவில்லை என்றால் எச்61.20. ஸ்விம்மர்ஸ் இயர் என்றால் எச்60.339. அவசரத்தில் இரண்டையும் குழப்பி இல்லாத கோடை டைப் பண்ணி, சிஸ்டம் எரர் காட்டியதும் முழிக்கிறவர்களைத் தினமும் பார்க்கலாம். எச்60.8 வேறு நடுவில் ஒரு எக்ஸ் கேட்கும், எச்60.8எக்ஸ்1 என்று.

கையால் எழுதிய பழைய ஈஎன்டி நோட்டுகளில் ஏடி, ஏஎஸ், ஏயூ என்று இருக்கும். லத்தீன் சுருக்கம், முறையே வலது காது, இடது காது, இரண்டு காதும். கண்ணுக்கு இதே மாதிரி ஓடி, ஓஎஸ், ஓயூ. கிறுக்கலில் ஏ-யும் ஓ-வும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் மருந்துப் பிழைகளைத் தடுக்கும் அமைப்புகள் இந்தச் சுருக்கங்களையே தவிர்க்கச் சொல்கின்றன. காதில் விட வேண்டிய சொட்டு கண்ணுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கோடருக்கு அந்த அளவு ஆபத்து இல்லை, ஆனால் ஏஎஸ் என்பதை வலது என்று எடுத்துக்கொண்டால் க்ளைம் முழுக்கத் தப்புக் காதில் போகும்.

எலக்ட்ரானிக் நோட்டில் பிரச்சினை வேறு மாதிரி. ஹிஸ்டரியில் இடது காது வலி, எக்ஸாமில் வலது குழாய் சிவந்திருக்கிறது, அசெஸ்மென்ட்டில் பக்கமே இல்லை. போன விசிட்டின் டெம்ப்ளேட்டை அப்படியே இழுத்துப் போட்டிருப்பார்கள். இங்கே ஒரு நல்ல விஷயம், 2021 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த கைட்லைனில், டாக்டர் பக்கத்தைக் குறிப்பிடாவிட்டால் நர்ஸ் போன்ற மற்றவர்கள் அதே ரெக்கார்டில் எழுதியிருப்பதை வைத்து எந்தப் பக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று சேர்த்தார்கள். ஆனால் ரெக்கார்டுக்குள்ளேயே முரண் இருந்தால் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். "குறிப்பிடவில்லை" கோடு அபூர்வமாகத்தான் வர வேண்டும் என்றும் அதே கைட்லைன் சொல்கிறது. இது தெரியாமல் இன்னும் நிறையப் பேர் நர்ஸ் நோட்டைத் தொடவே கூடாது என்று நினைத்து, 9-ஐயும் 0-வையும் அள்ளிப் போடுகிறார்கள்.

சரி, குறும்பிக்கு வருவோம். பணம் சம்பந்தப்பட்ட தகராறு அதிகம் நடப்பது இங்கேதான்.

காதில் அழுக்கு இருப்பது நோய் இல்லை. அது அடைத்துக்கொண்டு இறுகினால்தான் எச்61.2. எது அடைப்பு என்பதற்கு அமெரிக்க ஈஎன்டி மருத்துவர்களின் அகாடமி தெளிவாகவே சொல்லியிருக்கிறது. குழாயையோ செவிப்பறையையோ பார்க்க விடாமல் மறைக்க வேண்டும், அல்லது காய்ந்து இறுகி வலி, அரிப்பு, காது கேளாமை மாதிரி தொந்தரவு கொடுக்க வேண்டும், அல்லது நாற்றம், தொற்று, தோல் அழற்சியோடு இருக்க வேண்டும், அல்லது பெரிதாக்கிக் காட்டும் கருவியும் பல உபகரணங்களும் டாக்டரின் கைத்திறனும் இல்லாமல் எடுக்க முடியாத அளவுக்கு இருக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

அப்படி அடைத்ததைக் க்யூரெட், ஃபோர்செப்ஸ், சக்ஷன் மாதிரி கருவி வைத்து எடுத்தால் சிபிடி கோடு 69210. தண்ணீர் பீய்ச்சிக் கழுவி எடுத்தால் 69209, இது 2016-இல் வந்த கோடு, க்ளினிக் ஸ்டாஃப் செய்தாலும் போடலாம். ஒரே காதில் இரண்டையும் செய்திருந்தால் இரண்டையும் போடக்கூடாது. சொட்டு மருந்து மட்டும் விட்டு அனுப்பினால் இரண்டுமே இல்லை. அடைப்பே இல்லாத அழுக்கைப் போகிற போக்கில் எடுத்துவிட்டால் அதற்கும் தனிக் கோடு இல்லை, அது விசிட் கோடுக்குள்ளேயே அடக்கம்.

2013 வரை 69210 என்றால் ஒரு காது அல்லது இரண்டு காது, எப்படி இருந்தாலும் ஒரே கோடு. 2014-இல் அதை ஒரு காதுக்கான கோடாக மாற்றினார்கள், இரண்டு காதிலும் செய்தால் 50 மாடிஃபையர் (கோடோடு ஒட்டும் கூடுதல் எண்) போடு என்று சிபிடி புத்தகம் சொன்னது. மெடிகேர், அதாவது முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸ், அதை ஏற்கவில்லை. இரண்டு காதுக்கும் சேர்த்துத்தான் ரேட் வைத்திருக்கிறோம், ஒரு யூனிட்டுக்கு மேல் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டது. ஆக ஒரே வேலை, ஒரே நாள், பிரைவேட் இன்சூரன்ஸ் என்றால் ஒரு மாதிரி, மெடிகேர் என்றால் வேறு மாதிரி. பேயர், அதாவது பணம் தரும் இன்சூரன்ஸ், யார் என்று பார்க்காமல் 50-ஐப் போட்டு அனுப்பி, அது திரும்பி வந்து, நைட் ஷிஃப்ட் ஏஆர் காலர் (வராத பணத்தைக் கேட்டு இன்சூரன்ஸுக்குப் போன் செய்பவர்) ஒருவர் போனில் அரைமணி நேரம் மியூசிக் கேட்டுக்கொண்டு காத்திருப்பது எல்லாம் தேவையா? அதோடு, மெடிகேர் நோயாளிக்கு ஆடியாலஜிஸ்ட் கேட்கும் திறன் சோதனை செய்த அதே நாளில் டாக்டர் அடைப்பை எடுத்தால் 69210-க்குப் பதில் ஜி0268 போட வேண்டும். இதைப் பெரிய ஈஎன்டி க்ளினிக் சார்ட்டுகளில்கூட விட்டுவிடுகிறார்கள்.

இங்கேதான் நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம். நோட்டில் "காது அழுக்கு எடுக்கப்பட்டது, க்யூரெட்" என்று மட்டும் இருக்கும். அடைப்பு என்ற சொல்லே இருக்காது. 69210 போட்டால் எச்61.2 இல்லாமல் காசு வராது, டயக்னோசிஸ் ப்ரொசீஜருக்குப் பொருந்தவில்லை என்று சிஓ-11 என்ற மறுப்புக் கோடு வரும், இல்லை மருத்துவத் தேவை இல்லை என்று சிஓ-50 வரும். உடனே கோடர் என்ன செய்கிறார், எச்61.21-ஐத் தானாகச் சேர்த்துவிடுகிறார். கருவி வைத்து எடுத்திருக்கிறார், அடைப்பு இல்லாமலா எடுப்பார் என்று தனக்குத்தானே சமாதானம். இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். பில் போக வேண்டும் என்பதற்காக ஒரு மனிதரின் ரெக்கார்டில் டாக்டர் சொல்லாத நோயை எழுதுவது அது. தொகை சின்னது என்பதால் தப்பு சின்னதாகிவிடாது, பேயர் ஆடிட் வந்து நோட்டைக் கேட்டால் அந்த ஒரு க்ளைமோடு நிற்காது, டாக்டருடைய மற்ற 69210-களையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

விசிட் கோடைக் கூடவே போடும்போதும் இதே கவனம் வேண்டும். காது அடைப்பு என்று வந்தார், பார்த்தார், எடுத்தார், அனுப்பினார் என்றால் அந்தப் பார்த்தல் ப்ரொசீஜருக்குள்ளேயே அடங்கிவிடும். அதே விசிட்டில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை மாற்றினார், சர்க்கரையைப் பற்றிப் பேசினார் என்று தனியாக வேலை நடந்திருந்தால்தான் 99213 மாதிரி விசிட் கோடு ஒன்றை 25 மாடிஃபையரோடு போட நியாயம் இருக்கிறது. 25-ஐப் பழக்கதோஷத்தில் ஒட்டிவிடாதீர்கள்.

பூஞ்சைத் தொற்றில் வேறு ஒரு சிக்கல், வரிசை. நம்ம ஊர் மாதிரி ஈரப்பதமும் வெயிலும் உள்ள இடங்களில் ஓட்டோமைகோசிஸ் சாதாரணம், அங்கேயும் வெப்பமான மாநிலங்களிலிருந்து சார்ட் வரும். கேண்டிடா என்று டாக்டர் எழுதினால் பி37.84 ஒன்றே போதும், அதிலேயே காதும் இருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்றால் பி44.89. எந்தப் பூஞ்சை என்று சொல்லாவிட்டால் பி36.9 முதலில், அப்புறம் எச்62.4. எச்62 என்பது வேறு நோயின் வெளிப்பாடு, அது ஒருபோதும் முதல் இடத்தில் வரக்கூடாது, தனியாகவும் போகக்கூடாது.

மாலிக்னன்ட் ஓட்டைடிஸ் எக்ஸ்டர்னா, எச்60.2. இது புற்றுநோய் இல்லை, புற்றுநோய்க் கோடுகள் இருக்கும் சி-யில் தேடாதீர்கள். பெரும்பாலும் வயதான சர்க்கரை நோயாளிகளுக்கு, சூடோமோனாஸ் கிருமி காதுக்குழாயிலிருந்து மண்டையோட்டு எலும்புக்குள் பரவும் கொடிய தொற்று. முகநரம்பு செயலிழக்கலாம், உயிரே போகலாம். அதனால்தான் இந்தக் கோடைத் தொடும்போது இரண்டு மடங்கு கவனம் தேவை. அவுட்பேஷன்ட் நோட்டில் "சந்தேகம்", "இருக்கலாம்", "ரூல் அவுட்" என்று இருந்தால் அதைக் கோடு செய்யவே கூடாது, அந்த விசிட்டில் உறுதியாகத் தெரிந்த அளவு மட்டும்தான். சர்க்கரை நோயாளிக்குக் காதுக்குழாய் அழற்சி என்று பார்த்ததும் இதுதான் என்று முடிவு கட்டுவதும், டாக்டர் தொடர்புபடுத்தாமல் ஈ11-இன் (டைப் 2 சர்க்கரை நோய்) சிக்கல் என்று நாமே முடிச்சுப் போடுவதும் வேண்டாம்.

குழந்தை காதில் மணி போட்டுக்கொண்ட சார்ட்டுக்கு டி16. வலது என்றால் டி16.1எக்ஸ்எக்ஸ்ஏ, எடுத்ததற்கு 69200, மயக்க மருந்து கொடுத்து எடுத்தால் 69205. கடைசி எழுத்து ஏ என்பதற்கு முதல் விசிட் என்று பொருள் இல்லை, சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். முதல் க்ளினிக்கில் எடுக்க முடியாமல் ஈஎன்டி-க்கு அனுப்பி அங்கே எடுத்தாலும் அங்கேயும் ஏ-தான்.

கடைசியாக க்வெரி எழுதுவதைப் பற்றி, ஏனென்றால் மேலே பல இடத்தில் டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன், எப்படிக் கேட்பது என்பது அதைவிட முக்கியம். "69210 பில் ஆக வேண்டும், அடைப்பு என்று சேர்க்க முடியுமா" என்று கேட்டால் அது க்வெரி இல்லை, பதிலை வாயில் ஊட்டுவது. பணத்தைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது. நோட்டில் இருப்பதை அப்படியே எடுத்து வைத்து, வலது காதிலிருந்து க்யூரெட்டால் குறும்பி எடுக்கப்பட்டதாக உள்ளது, குறும்பியின் நிலையைத் தெளிவுபடுத்தவும் என்று எழுதி, அடைப்பு இருந்தது, அடைப்பு இல்லை, வேறு, சொல்ல இயலவில்லை என்று எல்லா வாய்ப்பையும் கொடுக்க வேண்டும். அக்யூட் ஓட்டைடிஸ் எக்ஸ்டர்னாவுக்கும் இதே போல. கொடுத்த மருந்தையும் எக்ஸாமையும் குறிப்பிட்டு, காரணம் தெரிந்தால் சொல்லவும் என்று கேட்டு, பாக்டீரியா, பூஞ்சை, தொற்று அல்லாதது, ஸ்விம்மர்ஸ் இயர், வேறு, தெரியவில்லை என்று வரிசை.

பதில் வரும்வரை அந்தச் சார்ட்டை ஹோல்டில் வையுங்கள். மெடிகேரில் சேவை நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை க்ளைம் அனுப்ப நேரம் இருக்கிறது, பிரைவேட் பேயர்களில் சிலர் அதைவிடக் குறைவாகத்தான் தருவார்கள், எனவே பேயரைப் பார்த்து நினைவூட்டல் அனுப்புங்கள். ஹோல்ட் எண்ணிக்கை ஏறுகிறது என்று டீம் லீடர் கேட்டால், எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்ற பட்டியலைக் கையில் கொடுங்கள். திரும்பத் திரும்ப ஒரே டாக்டரிடமிருந்து ஒரே குறை வருகிறது என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும், கிளையண்ட் மீட்டிங்கில் அதை வைத்துப் பேசினால் டெம்ப்ளேட்டையே மாற்ற வைக்கலாம். எங்கள் டீமில் ஒரு க்ளினிக்கின் டெம்ப்ளேட்டில் வலது, இடது என்று தேர்ந்தெடுக்கும் கட்டம் அப்படித்தான் வந்தது.